கறுப்பு மரம் ஒட்டிய கண்ணாடி

எந்தக் கண்ணாடியைக் கடந்தாலும் ஸ்டிக்கர் அக்கா புறங்கையை ஒருமுறை அதில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறார், காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொடுவது போல. பேருந்து ஜன்னல், நகைக்கடைக் கதவு, முன்பின் தெரியாதவர் நிறுத்தியிருக்கும் கார், எதுவும் தப்புவதில்லை. கண்ணாடி சூடாக இருந்தால் பசை பட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், அப்புறம் நகர்த்த முடியாது என்பது தொழில் காரணம். கார்க்காரர் முறைத்தால், "சூடு பாத்தேங்க, ஒண்ணும் எடுக்கல" என்று தானாகவே வாக்குமூலம் கொடுத்துவிடுவார்.

அழகு நிலையத்துக்குப் பூங்கொடி, மழலையர் பள்ளிக்கு மீன்கள், வங்கிக் கதவில் யாரும் மூக்கை உடைத்துக்கொள்ளாமலிருக்க வெள்ளைப் பட்டை என்று சுற்றுவட்டாரக் கண்ணாடிகளில் பாதி இவர் கைவண்ணம்தான். தலை முழுக்க நரைத்த வங்கிக் காவலாளியும் இவரை அக்கா என்றே கூப்பிடுகிறார். அதில் இவருக்கு லேசான மனத்தாங்கல் உண்டு.

வேலை என்று வந்துவிட்டால் வாய் ஓயாது. சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, ஸ்டிக்கரை மேலிருந்து இறக்கி, ரப்பர் பட்டையால் ஈரத்தை ஓரத்துக்குத் தள்ளுகிற நேரம் முழுதும் அதனிடம் பேச்சுக் கொடுப்பார். "என்ன, கொப்புளமா? எங்கிட்டயேவா?" முடிந்ததும் எட்ட நின்று பார்ப்பார், எதிர்க்கடைப் படியேறிப் பார்ப்பார், வீட்டுக்குப் போனபின் திரும்பி வந்து பார்த்த கதையும் உண்டு. "எங்கம்மா கவலைப்படறத சம்பளமில்லாத வேலையா பாக்குது" என்பது மகளின் புகார்.

அந்த மகளை நினைத்துத்தான் இப்போது அக்காவுக்கு உயிர் கையில் இல்லை. அவள் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசை வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. அதற்குள் அம்மாவின் கைவேலையைப் பற்றி டாக்டரிடம் அளந்து விட, மேற்கு வெயில் விழும் பெரிய கண்ணாடிச் சுவரில் மரம் ஒட்ட அழைப்பு வந்தது. மரம் கறுப்பாக வேண்டும் என்றார் டாக்டர். "கறுப்பு சூட்ட இழுக்கும் சார், வெள்ளை போட்டுக்கலாமே" என்று அக்கா சொல்லிப் பார்த்தார். வெள்ளை எடுப்பாக இருக்காதாம்.

மூட்டமான ஒரு காலையில் ஒட்டினார். அடிவேரைப் பிளேடால் சீவும்போதுதான், கண்ணாடிச் சட்டத்தின் ரப்பர் விளிம்புக்குள் ஒளிந்திருந்த பிசிறு விரலில் தட்டுப்பட்டது. கண்ணாடியின் ஓரம் துளியூண்டு பெயர்ந்திருந்தது. அப்படிப்பட்ட கண்ணாடியில் கறுப்பை ஒட்டி வெயிலில் நிறுத்தினால், ஒட்டிய இடத்தின் சூடும் ஒட்டாத இடத்தின் சூடும் ஒத்துப்போகாமல் ஒருநாள் பிளந்துகொள்ளும். சொல்ல வாயெடுத்த நேரத்தில் டாக்டர் கைதட்டினார். "உங்கம்மா கையில வித்தை இருக்கும்மா!" மகளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்த முகத்தைப் பார்த்து, வந்த சொல்லை அக்கா விழுங்கிவிட்டார். மகளின் நாற்காலி அந்த மரத்தடியில்தான் இருக்கிறது.

அன்றிலிருந்து இவருக்கு வானத்தில் மேகம் கூடினால்தான் சோறு இறங்குகிறது. வெயில் சாயும் நேரத்துக்கு ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய் நிற்கிறார். மறந்துபோன குடை, மறக்காத டிபன் பாக்ஸ், இல்லாத பல்வலி.

"கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கோ கண்ணு."

"ஏம்மா?"

"வெயில் அடிக்குதில்ல, கறுத்துடுவ."

"மானத்த வாங்காதம்மா. எல்லாரும் பாக்குறாங்க."

உண்மையைச் சொன்னால் மகளின் வேலைக்கே உலை வைத்ததாகிவிடுமோ என்று பயம். சொல்லாவிட்டால் அதைவிடப் பயம். இரண்டுக்கும் நடுவில் அக்கா பாதியாக இளைத்துவிட்டார்.

நேற்று வெயில் வெளுத்து வாங்கியது. அக்கா உள்ளே நுழைந்தபோது, வேலை சற்று ஓய்ந்த அலுப்பில் மகள் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். பின்மண்டை கண்ணாடியில், சரியாக அந்த வேருக்கு மேலே பதிந்திருந்தது.

பழக்கத்தில் ஸ்ப்ரே பாட்டிலை எடுத்தவர் உடனே பைக்குள் போட்டுவிட்டார். கொதிக்கிற கண்ணாடியில் தண்ணீர் பட்டால் அவ்வளவுதான். மேசையைச் சுற்றி ஓடி, மகளின் தலையை முன்னால் தள்ளிவிட்டு, கறுப்பை உரித்தெடுக்க வேரடியில் நகத்தைக் கொடுத்தார்.

"அம்மா! என்ன பண்ற? பைத்தியமா உனக்கு?"

சத்தம் கேட்டு டாக்டர் கையுறையோடு வெளியே வந்தார். காத்திருந்தவர்கள் கன்னத்தைப் பிடித்தபடி எழுந்து நின்றார்கள்.

"கண்ணாடி ஓரம் பேந்திருக்கு சார்" என்றார் அக்கா, திரும்பாமலே. "ஒட்டின அன்னிக்கே பாத்தேன். பாத்துட்டு சொல்லல. எம்பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது."

சூட்டில் இளகிய பசையிலிருந்து வேர் கறுப்பு நாடாவாக உரிந்து வந்தது. மகள் மட்டும் அவமானத்தில் விறைத்துப்போய், இருந்த இடத்தைவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அக்கா உரிப்பதை நிறுத்தவில்லை. இடது காலைத் தூக்கி, சக்கரம் வைத்த அந்த நாற்காலியை மகளோடு சேர்த்து மேசைக்குப் பக்கவாட்டில் இருந்த சுவர் வரைக்கும் உதைத்துத் தள்ளினார்.