திரைச்சீலை அரண்மனை

ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில், பலசரக்குக் கடைக்கு மேலே இருக்கிற ஸ்டூடியோவில் நிற்கிறேன். வெளியே பனி கொட்டுகிறது. லண்டனில் படிக்கிற நான் விடுமுறைக்கு இங்கே வந்து இறங்கியதுதான் தாமதம், சித்தி எனக்குச் சேலை உடுத்தி, கல்யாணப் பேச்சுக்குப் படம் எடுக்கக் கூட்டி வந்துவிட்டார்.

படமெடுக்கிற அண்ணை கயிற்றை இழுக்கிறார். எனக்குப் பின்னால் ஓர் இங்கிலாந்து அரண்மனை திரைச்சீலையில் விரிகிறது. பளிங்குப் படிகள், சரவிளக்கு, தங்கச் சட்டம் போட்ட ராசா படங்கள்.

"எனக்கு உது வேண்டாம் அண்ணை. வெறுஞ்சுவரே போதும்."

"லண்டனில படிக்கிற பிள்ளை எண்டு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிய வேணுமெல்லோ," என்கிறார் சித்தி.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போன மாதம் வகுப்போடு இப்படியொரு அரண்மனைக்குப் போனேன். கூட வந்தவர்கள் கையை வீசிக்கொண்டு உள்ளே போனார்கள். வாசலில் என் பையை மட்டும் மேசையில் கொட்டினான் காவலாளி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பாணும் சம்பலும் சுற்றியிருந்த பொட்டலத்தைக்கூடப் பிரித்துப் பார்த்தான். உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தந்தப் பேழை. இலங்கையிலிருந்து வந்த அன்பளிப்பு என்று எழுதி வைத்திருந்தார்கள். கொடுத்தவர் பெயர் இல்லை. எங்கள் ஊர்ப் பேழையை வைத்திருப்பவர்களா என்னைத் திருடியாக நினைத்துப் பையைச் சோதிப்பது?

சித்தி என் சேலைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டு விலகுகிறார். அண்ணை கமெராவுக்குப் பின்னால் குனிகிறார்.

"கொஞ்சம் சிரியும் பிள்ளை. கோவம் அப்பிடியே முகத்தில தெரியுது."

"தெரியட்டும் அண்ணை. எடுங்கோ."