அட்ஜஸ்ட் அக்கா

எங்கள் பெண்கள் விடுதியை நடத்துகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் அட்ஜஸ்ட் அக்கா. இரண்டு பேர் அறையில் மூன்றாவதாக ஒரு கட்டிலைத் திணித்துவிட்டு, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்பார். அந்த மூன்றாவது கட்டில்காரி நான்தான். கதவைத் திறந்தால் என் கால்மாட்டில் இடிக்கும்.

அகராதியில் அந்தச் சொல்லுக்குச் சரிசெய்துகொள்வது என்று போட்டிருக்கிறது. சுத்தப் பொய். இங்கே யாரும் எதையும் சரிசெய்ததில்லை. குழாயில் தண்ணீர் வராவிட்டால் அட்ஜஸ்ட். மின்விசிறி கரகரவென்று கத்தினால் அட்ஜஸ்ட். வாயை மூடிக்கொண்டு கிட என்பதைத்தான் இவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்கள். "டெம்பரவரிதாம்மா" என்றால், நீ இடத்தைக் காலி செய்யும்வரை என்று பொருள். தமிழில் சொன்னால் மூஞ்சியில் அடித்தது மாதிரி இருக்கும் எதையும் இங்கிலீஷில் சொல்லிவிடலாம். சொல்கிறவருக்கு நாக்கு கூசாது.

அக்காவுக்குக் காலில் சக்கரம். சாவிக்கொத்தும் கையுமாக மாடிக்கும் கீழுக்கும் அலைந்துகொண்டே இருப்பார். கணவர் விட்டுவிட்டுப் போனபின் சமையல் வேலைக்கு இங்கே வந்து, மகளைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, விடுதிப் பொறுப்புக்கே உயர்ந்தவர். மகள் போன் செய்தாலும் நடந்தபடிதான் பேசுவார். "எல்லா வீட்லயும் இருக்கறதுதான்டி. ஆம்பளைன்னா கத்தத்தான் செய்வான். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ." அதே மூச்சில் எங்களைப் பார்த்து, "லைட்ட அணைங்கம்மா!"

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த மகள் ஒரு பையோடு விடுதி வாசலில் வந்து நின்றாள். கன்னத்தில் விரல் தடம். உள்ளேகூட வரவில்லை.

"அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதம்மா. சொன்னா இப்படியே எங்கயாவது போயிடுவேன்."

அக்கா வாயைத் திறந்தார், மூடினார். பக்கத்தில் நின்றிருந்த எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பழகிப்போன வாயாயிற்றே, சொல்லித் தொலைத்துவிடுவாரோ என்று படபடத்தது. அந்த நேரம் பார்த்து அக்காவின் போன் அடித்தது. மாப்பிள்ளை. அவன் பேசியது எனக்கே கேட்டது.

"அத்தை, ஏதோ கோவத்துல கிளம்பி வந்துட்டா. நீங்க எடுத்துச் சொல்லி அனுப்பி வைங்க. நீங்க சொன்னா கேப்பா."

"கேட்டா மாப்பிள்ளை. இத்தன வருஷமா நான் சொன்னதத்தான் கேட்டா." அக்கா நடக்காமல் ஒரே இடத்தில் நின்று பேசினார். "இனிமே சொல்ல மாட்டேன். அவ அங்க வரமாட்டா."

போனை அணைத்துவிட்டு, மகளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். சமையலறைக்குப் பின்னால் இருக்கும் தன் அறையில், தன் கட்டிலிலேயே புது விரிப்பைப் போட்டுப் படுக்கச் சொன்னார். என்னிடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். எனக்கு ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

நான் செம்போடு போனபோது, அந்த அகலக் கட்டிலில் அவள் முழங்காலை மடக்கிச் சுவரோரமாக ஒண்டிப் படுத்திருந்தாள். முக்கால் கட்டில் காலியாகக் கிடந்தது.

"நடுவுல படுடி. கால நீட்டிப் படு. முழுக் கட்டிலும் உனக்குத்தான்" என்றார் அக்கா.

"பரவால்லம்மா, இதுவே போதும்" என்று கண்ணைத் திறக்காமலே சொல்லிவிட்டு, அவள் இன்னும் கொஞ்சம் சுவர்ப்பக்கம் நகர்ந்துகொண்டாள்.