மழையில்லாத மின்னல்

வலது கண்ணில் புரை எடுத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. இடது கண்ணிலும் புரை முற்றியிருந்ததால், எனக்கிருந்த பார்வையெல்லாம் அந்த ஒரு கண்தான். முற்றத்தில் நின்றால் பதினேழு பனைகள் தெரியும். தினமும் எண்ணுவேன், சரியாக வரும்.

முதலில் ஈ மொய்ப்பதுபோல் கண்முன்னே இலையான்கள் வந்தன. கையை வீசி வீசி விரட்டினேன்.

"இலையானே இல்லாத வீட்டில ஆரோட சண்டை பிடிக்கிறியள்?" என்று மனைவி சிரித்தாள்.

சொட்டு மருந்தின் வேலையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அன்று மாலை விளக்கு வைக்கும் நேரம், கண்ணின் ஓரத்தில் பளிச்சென்று வெட்டியது. திரும்பவும் வெட்டியது. கடல் பக்கம் மழை கட்டுகிறது என்று நினைத்தேன்.

"இஞ்சாரும், மின்னுது. ஒடியலை எடும்."

பனங்கிழங்கைப் பிளந்து ஒடியலுக்காக நான்கு பாயில் காயப் போட்டிருந்தாள். அவ்வளவையும் அள்ளி உள்ளே கொட்டிவிட்டு, வெளியே வந்து வானத்தைப் பார்த்தாள்.

"ஒரு முகில் இல்லை. உங்களுக்கு மட்டும் எங்கையப்பா மின்னுது?"

மின்னியது என் கண்ணுக்குள்தான் என்று புரிந்தது. ஆனாலும் கிளினிக்குக்கு ஐந்து நாள்தான் இருந்தது. நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் படகு, பிறகு பஸ். காற்றடித்தால் படகில் குடல் புரட்டிச் சத்தி எடுப்பேன். இரண்டு பயணத்தை ஒன்றாக்கலாம் என்று கணக்குப் போட்டேன். மூன்றாம் நாள் மூக்குப் பக்கமிருந்து ஒரு கறுப்புத் திரை பரவியது. நான்காம் நாள் புறப்பட்டபோது கடல் கொந்தளித்துப் படகு ஓடவில்லை. ஐந்தாம் நாள் மருத்துவரின் முகமே தெரியவில்லை. சின்னப் பெண்பிள்ளையாக இருக்க வேண்டும், குரல் மட்டும் கேட்டது.

"விழித்திரை கழண்டிட்டுது ஐயா. நடுப்பகுதியும் போயிட்டுது. புரை எடுத்த ஆக்களுக்குச் சிலவேளை இப்பிடி வாறது. மின்னின அண்டைக்கே வந்திருக்க வேணும்."

"செவ்வாய்க்கிழமை வரச்சொல்லித்தானே கிளினிக் துண்டில எழுதியிருந்தது?"

"கண்ணுக்குச் செவ்வாய் வெள்ளி தெரியுமே ஐயா?"

கொழும்புக்கு அனுப்பினார்கள். வெட்டித் தைத்து, கண்ணுக்குள் வாயு அடைத்து, குப்புறப் படுக்கச் சொன்னார்கள். மூச்சு முட்ட முட்டப் படுத்தேன். இன்று அந்தக் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினால் ஏதோ அசைகிறது என்று தெரியும். எத்தனை விரல் என்று தெரியாது.

இப்போது இடது கண்ணின் புரையையும் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்காவிட்டால் இருக்கும் மங்கல் பார்வையும் போய்விடும். எடுத்தால் இதுவும் கழன்றுபோகாது என்று யார் எழுதித் தருவார்கள்?

"எல்லாருக்கும் வராதாம்" என்றாள் மனைவி.

"எனக்கு வந்ததுதானே."

"இந்தமுறை ஒரு சின்ன மின்னல் எண்டாலும் உடன படகேறுவம். ஒப்பரேசனுக்கு ஓம் எண்டு சொல்லுங்கோவன்."

குசினி வாசலில், அடுப்பு வெளிச்சத்தில், அவளுடைய சேலையின் நிறம் மட்டும் தெரிந்தது. அழுகிறாளா, கோபமா என்று முகத்தில் பார்க்க முடியவில்லை. நான் இன்னும் ஓம் சொல்லவில்லை.