தங்கேஸ்வரி சோதனை எழுதிய நாள்

செய்தி வந்தபோது விடியற்காலை ஐந்து மணி. பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்த பாக்கியராசா வாசலில் நின்று சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். தொலைபேசி முதல் முறை அடித்து ஓய்வதற்குள் ஓடிப்போய் எடுத்தான். உள்ளறையில் மனைவி தங்கேஸ்வரி தூங்கிக்கொண்டிருந்தாள். அன்று காலை அவளுக்குத் தாதிப் படிப்பின் கடைசிச் சோதனை.

கொழும்பிலிருந்து பேசியவர் அவனுடைய ஒன்றுவிட்ட அண்ணன் இராசதுரை.

"பாக்கியம், மாமி போயிற்றா. முந்தாநாள் ராவு தொய்வு கூடி மூச்சு இழுத்துது. ஊரடங்கு, பாதை பூட்டு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏலாமப் போச்சு. நேற்றுச் செத்தவீடும் முடிஞ்சுது."

மாமி என்றால் பாக்கியராசாவின் தகப்பனுடைய தங்கை. தங்கேஸ்வரியின் தாய்.

"தங்கம் முழிப்பா? குடு, நான் சொல்றன்."

"வேணாம் அண்ணன். இண்டைக்குச் சோதனை. முடியட்டும், நான் சொல்றன்."

"மறுகா தெரிஞ்சா உன்னத்தான் ஏசுவா. பாத்துக்க."

சாவுச் செய்தி கேட்டவன் தலையில் தண்ணீர் வார்க்காமல் சோற்றுக்கு முன்னால் உட்காரக் கூடாது. பாக்கியராசா சத்தம் போடாமல் குளியலறைக்குள் போய் முழுகினான். திரும்பி வந்தபோது மேசையில் வழக்கம்போல் அவனுக்குச் சோறு மூடி வைத்திருந்தது. பக்கத்தில் பருப்பு, சோற்றின் மேல் ஒரு பெரிய அறக்குளா மீன் துண்டு. வேலையால் வந்து மீனும் சோறும் சாப்பிட்டுவிட்டுப் படுப்பதுதான் அவனுடைய வழக்கம். சாவுத் துடக்குள்ள வீட்டில் மச்சம், மீனோ இறைச்சியோ, ஆகாது. முழுத் துண்டைக் குப்பையில் போடவும் மனம் வரவில்லை. அதை எடுத்துக் குழம்புச் சட்டிக்குள்ளேயே திரும்பப் போட்டு மூடினான். பருப்போடு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, மீதிச் சோற்றைக் கொட்டிக் கோப்பையைக் கழுவி வைத்தான். இனி வீட்டில் ஒரு தடயமும் இல்லை என்று நினைத்தான்.

தங்கேஸ்வரி தாதியாக வேண்டும் என்று ஊரிலிருந்து புறப்பட்டவள் அல்ல. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மட்டக்களப்புப் பக்கத்தில் இருக்க முடியாமல் இருவரும் ரொறன்ரோவுக்கு வந்து, வெக்ஸ்போர்ட்டில் ஒரு மாடிக் கட்டிடத்தில் குடியேறினார்கள். அவளுக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில். மூத்திரம் நனைந்த விரிப்புகளை இயந்திரத்தில் போட்டு எடுக்கும் வேலை. மேல் தளத்துக்கு மடித்த துணிகளைத் தள்ளிக்கொண்டு போகும்போது, வெள்ளைச் சீருடை போட்ட பெண்கள் கிழவர்களைப் புரட்டிப் படுக்க வைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவர்கள் முழுத் தாதிகள் அல்ல. ஒன்றாரியோவில் அன்றைக்கு அவர்களைப் பதிவுபெற்ற தாதி உதவியாளர்கள் என்றார்கள். பத்து மாதப் படிப்பு. அதன் முடிவில் மாகாணச் சோதனை. அதில் சித்தியடைந்தால்தான் பதிவு.

"இந்த வேலை எனக்கு ஏலும் மச்சான்," என்று ஒருநாள் சொன்னாள். "நிரந்தர வேலையெண்டாத்தான் அம்மாவை ஸ்பொன்சர் பண்ணி எடுக்கலாம்."

அதன் பிறகு அவள் செய்ததெல்லாம் அந்த ஒரு வசனத்துக்காகத்தான். இரண்டு வருடம் இங்கிலிஷ் வகுப்பு. பிறகு படிப்பு. தாயின் தொய்வுக்கு இந்த ஊர்க் குளிர் ஒத்துவருமா என்று வகுப்பு எடுக்க வந்த டொக்டரிடமே கேட்டுவிட்டு வந்தாள். வீட்டுக்குள் சூடு இருந்தால் ஒத்துவரும் என்று அவர் சொன்னாராம்.

மேல் வீட்டு ஜெயமலர் யாழ்ப்பாணத்துப் பெண். பின்னேரங்களில் வந்து புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாள். மட்டக்களப்புப் பெண்கள் வசியம் வைத்து ஆண்களைப் பாயோடு ஒட்டிவிடுவார்கள் என்ற பழைய பகிடியைச் சொல்லிச் சீண்டுவாள்.

"அக்கா, அண்ணையைப் பாயோட ஒட்டி வைச்சாச்சு. இனி உந்தக் கிழவியளையும் கட்டிலோட ஒட்டி வைக்கப் போறியளோ?"

"ஆரையும் ஒட்டலாம் புள்ள. யாழ்ப்பாணத்தாரைத்தான் ஏலாது. உடம்பு ஒட்டினாலும் வாய் கழண்டு போயிரும்."

"ஐயோ, அண்ணை, கேட்டியளே கதையை!"

"எனக்கு வாய் இல்ல. ஒட்டினது ஒட்டினதுதான்," என்பான் பாக்கியராசா.

பயிற்சிக் காலத்தில் அவள் ஒரு முறை பிழை விட்டாள். ஒரு கிழவி காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை. அந்த வாரம் மகள் பார்க்க வரவில்லை என்று தங்கேஸ்வரிக்குத் தெரியும். "மகள் வராத கவலையில் சாப்பிடவில்லை" என்று நோயாளியின் குறிப்பில் எழுதிவிட்டாள். நம் ஆட்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். கஞ்சி மீந்தால் அதில் ஒரு கவலையைத் தேடுகிற ஆட்கள் நாங்கள். பயிற்சி கொடுத்த ஸ்கொட்லாந்துக்காரி அவளைத் தனியே கூப்பிட்டாள். கவலையை எங்கே கண்டாய் என்று கேட்டாள். கிழவியின் வாயைத் திறந்து காட்டினாள். பொருந்தாத பல் செட் பல்லடி முரசைக் கிழித்துப் புண்ணாக்கியிருந்தது.

"கண்டதை எழுது. தெரியாததை எழுதாதே. இன்னொரு முறை இப்படி நடந்தால் உன்னைச் சோதனைக்கு அனுப்பமாட்டேன்."

வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது தங்கேஸ்வரி அழவில்லை. "அவ சொன்னது சரிதான்," என்றாள். அதற்குப் பிறகு அவள் பார்க்கும் விதமே மாறிவிட்டது. பாக்கியராசா எந்தக் காலை முதலில் ஊன்றி நடக்கிறான் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது.

தாய்க்கு எழுத்து வாசிப்புக் குறைவு. அதனால் தங்கேஸ்வரி கசற்றில் பேசிப் பதிந்து அனுப்புவாள். சோதனைக்கு முந்தின வாரம் ஒரு கசற்றின் முதல் பக்கத்தை முழுவதும் பேசி நிரப்பினாள். பல்கணியில் காய்த்த தக்காளி, ஜெயமலரின் வாய், புதுச் சீருடை எல்லாம் அதில் இருந்தன. முடிவில், "மற்றப் பக்கத்தில சோதனை எழுதிப்போட்டுப் பேசுறன் அம்மா. நீங்க பாஸ்போட்டுக்குப் படம் எடுத்து வைங்க," என்றாள். பாக்கியராசா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்று காலை அவள் எழும்பி வந்தபோது அவன் ஈரத் தலையோடு மேசையில் இருந்தான்.

"என்ன மச்சான், முழுகிட்டீங்க?"

"தலையெல்லாம் மா. கடிச்சுது."

"ஆரு கோல் எடுத்த?"

"வேலையால. நாளைக்கு ஓவர்டைம் வருவியா எண்டு கேட்டான்."

அவள் அடுப்படிக்குப் போய்ச் சட்டியின் மூடியைத் திறந்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு மூடினாள்.

"மீன் நல்லா இருந்ததா?"

"ஓம். நல்லா இருந்தது."

அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. உடுத்து வெளிக்கிட்டாள். சாமிப் படத்துக்கு முன்னால் வந்து திருநீற்றுக்குக் கையை நீட்டியவள், எடுக்காமலே திரும்பினாள். அவசரம் என்று பாக்கியராசா நினைத்தான்.

"நானும் வாறன்," என்றான்.

"நீங்க படுக்கல்லையா?"

"நித்திரை வரல்ல."

"வாங்க."

லோறன்ஸ் வீதி பஸ்ஸிலும் பிறகு சப்வேயிலும் அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு இருந்தாள். மண்டப வாசலில், "பசிச்சா ஏதும் சாப்பிடுங்க. மச்சம் இல்லாமப் பாத்து," என்றுவிட்டு உள்ளே போனாள். அவன் அந்தக் கடைசி வார்த்தையைக் காதில் வாங்கவில்லை.

எதிரே இருந்த டோனட் கடையில் ஒரு கோப்பியை வாங்கிவைத்துக்கொண்டு அவன் நாள் முழுவதும் இருந்தான். அவள் தவறிவிட்டால், அடுத்த முறை எழுத மனம் வராது. சித்தியடைந்தால், யாருக்காக என்று கேட்பாள். இந்தச் சோதனை எதற்காகவோ, அது முந்தாநாளே இல்லாமல் போய்விட்டது. அதை அறிந்துகொண்டே அவளை உள்ளே அனுப்பியிருக்கிறான். மாமியின் கையால் சோறு தின்று வளர்ந்தவன் அவன். அவனுக்கும் அழ வேண்டியிருந்தது. ஆனால் கண் சிவந்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று அடக்கிக்கொண்டான்.

பின்னேரம் அவள் மற்றவர்களோடு வெளியே வந்தாள். சிலர் சிரித்தார்கள், ஒருத்தி சுவரில் சாய்ந்து அழுதாள். தங்கேஸ்வரி நேரே அவனிடம் வந்தாள்.

"எப்பிடி?"

"கேள்வி பரவாயில்ல. எல்லாம் எழுதினன்."

சப்வே நிலையத்து வாங்கில் உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்.

"இனிச் சொல்லுங்க மச்சான். ஆரு?"

"என்ன ஆரு?"

"சட்டிக்குள்ள மீன் துண்டில சோத்துப் பருக்கை ஒட்டியிருந்தது. தலை முழுகியிருந்தீங்க. மச்சம் தொடல்ல. அம்மாவா, ஊரில இருக்கிற தம்பியா?"



"மாமி."

ஒரு ரயில் வந்து நின்று போயிற்று. அவள் எழும்பவில்லை.

"தொய்வா?"

"ஓம்."

"எப்ப?"

"முந்தாநாள்."

"காலையில கேட்டிருந்தா நான் உள்ளுக்குப் போயிருக்கமாட்டன்," என்றாள். "அதான் கேக்கல்ல."

"தெரிஞ்சுகொண்டா எழுதினாய்?"

"ஒரு சாவு எண்டு தெரியும். ஆரெண்டு தெரியாது. தெரியாததை எழுதாதே எண்டுதானே அந்த ஸ்கொட்லாந்துக்காரி படிப்பிச்சவ." பிறகு கைப்பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பாக்கியராசாவும் அழுதான். அடுத்த ரயிலுக்கு வந்தவர்கள் அந்த வாங்கைவிட்டுத் தள்ளி நின்றார்கள்.

வீட்டுக்குப் போனதும் அவள் தலைமுழுகினாள். மீன் குழம்பை அவனே கொண்டுபோய்க் கொட்டினான். செய்தி கேட்டு இறங்கி வந்த ஜெயமலர் ஒரு பகிடியும் விடவில்லை. மரக்கறிச் சோறு சமைத்து வைத்துவிட்டு இரவு வரைக்கும் பக்கத்தில் இருந்தாள்.

முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகு சோதனைப் பெறுபேறு வந்தது. தங்கேஸ்வரி சித்தியடைந்திருந்தாள். சலவை அறையில் தொடங்கிய அதே முதியோர் இல்லத்தில், மேல் தளத்தில், வெள்ளைச் சீருடையோடு வேலைக்குச் சேர்ந்தாள். குறிப்புகளைச் சுருக்கமாக எழுதுகிறவள் என்று அங்கே பெயர் எடுத்தாள். ஸ்பொன்சர் பற்றி வீட்டில் பிறகு பேச்சு எழவில்லை. தொழில் நிலைத்தது, பின்னாளில் அந்தத் தொழிலின் பெயரையும் மாற்றினார்கள்.

அந்தக் கசற் அலுமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. முதல் பக்கம் நிறையப் பேசியிருக்கிறாள். மற்றப் பக்கத்தில் ஒன்றும் பதியவில்லை.