கூரை கீழே, தரை மேலே

திருத்தணிக்கு வந்த புதிதில் மொட்டைத்தலையைக் கண்டால் ஒதுங்கி நின்று கும்பிடுவேன். ரங்கூனில் அதுதான் பழக்கம். அங்கே தலை மழித்தவர் என்றால் பொங்கி, அதாவது புத்த பிட்சு. எதிரே வந்தால் பாதையை விட்டு இறங்கி வழிவிட வேண்டும். இங்கோ மலையில் முடி கொடுத்துவிட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு இறங்கி வருகிறவர்களுக்குக் கணக்கே கிடையாது. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்த ஒருவரைக் கைகூப்பிக் கும்பிட்டு நிமிர்ந்தால், உடம்பில் காக்கி உடுப்பு! போலீஸ்காரர். அவரும் மிரண்டுபோய், "இன்னாம்மா, எதுனா பிராதா?" என்றார். காக்கியைக் கண்டால் ஓட்டம் எடுக்கிற பழக்கத்தையும் நான் அங்கிருந்துதான் கொண்டுவந்திருக்கிறேன். திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்துவிட்டேன்.

ரங்கூனைவிட்டு எங்களை வெளியேற்றியபோது என்னோடு ஒரே கப்பலில் வந்து இப்போது ஆளுக்கொரு ஊரில் கிடப்பவர்களுக்கு நான் பயந்தாங்கொள்ளி என்பது தெரியும். இவருக்கும் தெரியும். கணவர் பெயரை எழுதக் கை வரவில்லை, இவர் என்றே சொல்லிவிடுகிறேன். ரங்கூனில் ஒரு சீனர் பட்டறையில் கார்களுக்குத் தகரம் அடித்துப் பற்றவைக்கும் வேலை பார்த்தவர். இங்கே கே.ஜி.கண்டிகை போகிற சாலையோரத்தில் ஓர் ஓலைக் கொட்டகை பிடித்து அதே வேலையைத் தொடங்கினார். லாரி கதவு, பஸ் படிக்கட்டு என்று சில்லறை வேலைகள் வந்துகொண்டிருந்தன. அப்போதுதான் ஆர்.கே.பேட்டையில் நிலமும் நெல் மில்லும் வைத்திருக்கும் வரதராஜுலு, வெள்ளைக்காரன் காலத்துக் கார் ஒன்றை மாடு கட்டி இழுத்துவந்து நிறுத்தினார். மாட்டுக்கொட்டகையில் பல மழையைப் பார்த்த வண்டி. மேலே மாப்பிள்ளைக் களை, அடியில் தொட்டால் அப்பளம். தரைத் தகரம் முழுக்கத் துருவேறி நொறுங்கியது. "எம் பொண்ணு ஊர்கோலம் இதுலதான் போவணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு பற்றவைத்தால் உருகிய இரும்பு முகத்தில் சொட்டும். ரங்கூனில் அப்படிச் சொட்டிய ஒரு துளியில் இவருக்கு இடது கண்ணில் பாதிப் பார்வை போய்விட்டது. மிச்சமிருக்கும் வலது கண்தான் எங்கள் இருவருக்கும் சோறு. அதனால், தான் வண்டிக்கு அடியில் போவதில்லை, வண்டியின் அடியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளப்போவதாகச் சொன்னார். சீனக்கடையில் கோழியைக் கம்பியில் கோத்துத் திருப்பித் திருப்பிச் சுடுவார்களே, அந்த மாதிரி. "கார் என்ன கோழியா?" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எஞ்சின், சக்கரம், கதவு, இருக்கை எல்லாவற்றையும் கழற்றி வெறும் கூடாக்கினார். உடைந்த மாட்டுவண்டி ஒன்றை வாங்கி, அதன் இரும்பு அச்சை இரண்டாக அறுத்து, ஒரு துண்டைக் காரின் முன்பக்கமும் மற்றதைப் பின்பக்கமும் சட்டம் வைத்து முடுக்கினார். கால் அகட்டி நிற்கும் இரண்டு மரத்தாங்கிகள் மேல் அந்த அச்சுகள் உட்கார்ந்தன. பின்பக்க அச்சின் நுனியில் மாட்டுவண்டிச் சக்கரத்தையே இறுக்கிவிட்டார். சக்கரத்தைச் சுற்றினால் கார் சுற்றும். ஆரக்கால்களுக்கு நடுவே கடப்பாரையைச் செருகித் தாங்கியில் முட்டவைத்தால் நிற்கும். அச்சை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, எப்படித் திருப்பிவிட்டாலும் அப்படியே நிற்கிற இடத்தைக் கண்டுபிடித்தபோது குழந்தை மாதிரிக் குதித்தார். கடப்பாரை என் பொறுப்பு. வேறு ஆள் ஏது?

கூரை கீழும் தரை மேலுமாகக் கார் தொங்கிய முதல் நாளே எதிர்வீட்டு ராஜம்மா ஓடிவந்தாள். அவளும் அவள் கணவர் முனிரத்தினமும் தறி போட்டிருப்பவர்கள்.

"இன்னாம்மா, காரு கவுந்துகினு கீது? யாருக்கு அடி?"

"அடியெல்லாம் இல்லீங்க. நாங்களேதான் கவிழ்த்தோம்."

"நீங்களேவா!" என்று மார்பில் கைவைத்துக்கொண்டாள். "மலைக்குப் போற ஜனம் பாத்துகினு போவுதேம்மா. கவுந்த வண்டியில முழிச்சா போற காரியம் இன்னாத்துக்கு ஆவும்?"

விளக்கம் சொல்லச் சொல்ல அவள் முகம் இன்னும் கலவரமானது. கடைசியில் வீட்டுக்குப் போய் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்து வந்து முன்பக்கச் சட்டத்தில் கட்டினாள். மறுநாளிலிருந்து சாலையில் போகிறவர்கள் எங்கள் கொட்டகையைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பர்மாக்காரி ஏதோ சூனியம் வைத்திருக்கிறாள் என்றும் பேச்சு.

இது எனக்குப் பெரிதாகப் படவில்லை. என் பயம் வேறு. பட்டறைக்குப் பூட்டு விழுந்த நாளிலும், காதில் கிடந்ததைத் துறைமுகத்தில் காக்கிக்காரர்களிடம் கழற்றிக் கொடுத்த நாளிலும், கப்பல் தளத்தில் வாந்தி எடுத்துக்கொண்டே கிடந்த நாட்களிலும் இவர் ஒரே வார்த்தைதான் சொன்னார். "மபூபானெ." கவலைப்படாதே என்று பர்மியச் சொல். அதைக் கேட்ட ஒவ்வொரு தடவையும் எனக்குக் கவலைப்பட ஏதாவது வாய்த்திருக்கிறது. இப்போது காருக்குள் தலையை விட்டுக்கொண்டு அதையே சொன்னார். என் கையிலோ கடப்பாரை. இது நழுவினால் இவர் இல்லை. இவர் இல்லாவிட்டால் என்னை எந்த ஊர்க்காரி என்று எந்த ஊருக்கு அனுப்புவார்கள்? படுத்தால் இதே நினைப்பு. எழுந்தாலும் இதே.

அன்று மத்தியானம் காரை ஒருக்களித்து நிறுத்தியிருந்தோம். தரைப்பக்கம் சுவர் மாதிரி இவரைப் பார்த்து நின்றது. காலையிலிருந்து வெட்டி, மக்கிய தரையை முழுசாக எடுத்துக் கீழே போட்டிருந்தார். அந்த ஓட்டை வழியே தலையும் தோளும் உள்ளே போக எட்டிப் பார்த்துக்கொண்டே, "துளி மேலே தூக்கு" என்றார். நான் கடப்பாரையை உருவினேன். நேற்றுவரை, உருவினாலும் கார் அசையாது. ஆனால் இன்று தரையின் பாரம் மண்ணில் கிடந்தது, கூரையின் பாரம் மட்டும் அப்படியே இருந்தது. அது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. கூரைப்பக்கம் தானாகக் கீழே இறங்கியது. தரைப்பக்கம் எழும்பியது. வெட்டிய தகரத்தின் விளிம்பு இவர் மார்பைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. தலையை வெளியே எடுக்க முடியவில்லை. கால்விரல் மட்டும் மண்ணில் பட்டது. சக்கரம் என் கையைப் பிடுங்கிக்கொண்டு சுழன்றது. இரண்டு கைகளாலும் ஆரக்காலைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். என் பாரத்துக்குச் சக்கரம் நின்றது. ஆனால் தரைப்பக்கம் இறங்கவில்லை. நான் கத்தினேன்.

முனிரத்தினம் தோளில் ஒட்டிய நூலோடு சாலையைத் தாண்டி ஓடிவந்தார். அவரும் என்னோடு தொங்கிச் சக்கரத்தை இழுத்து இறக்கினார். பின்னாலேயே வந்த ராஜம்மா கடப்பாரையை எடுத்துச் செருகினாள். இவர் நழுவி வெளியே வந்து மண்ணில் உட்கார்ந்தார். சட்டை கிழிந்து, மார்பில் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு. மூச்சு இருந்தது. என்னைப் பார்த்தார். மபூபானெ சொல்லவில்லை.

"யாரும்மா அது கோகோ?" என்றாள் ராஜம்மா. "கோகோ கோகோன்னு அப்படிக் கத்திகினு இருந்தியே."

அவள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. கோகோ என்றால் அங்கே அண்ணன். "எங்க அண்ணன்" என்றேன்.

"எங்க கீறாரு?"

"ரங்கூன்ல."

"ஆங், அவரு கப்பல் புடிச்சி வர்றதுக்குள்ள!" என்றார் முனிரத்தினம். அவருக்கும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "எதிர்லயே நான் கீறேன், என்னக் கூப்புடக் கூடாதா? சரி, வுடும்மா கைய. கடப்பாரை போட்டாச்சி."

கேட்டது. புரிந்தது. விட்டுவிடத்தான் பார்த்தேன், விரல்கள் வரவில்லை. கோகோ, கோகோ என்று உதடு இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்க, ராஜம்மாதான் ஆரக்காலிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.