சாளைக்கு ஒரு வீட்டு நம்பர்

மலையாள எல்லைக்குள் இருக்கும் சித்தூரைச் சுற்றியுள்ள தமிழ் ஊர்களில் கட்டிட வரி சம்பந்தமாக எந்தக் காகிதம் எழுதுவதென்றாலும் பல வருடமாக என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஐ.டி.ஐ.யில் சிவில் படித்துவிட்டு ஒரு இன்ஜினியரின் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். டேப் பிடித்து அளப்பது நான், பிளான் வரைவது நான், மலையாளத்தில் பாரம் நிரப்புவதும் நான். கடைசியில் கையெழுத்தும் சீலும் மட்டும் அவருடையது. நல்ல மனிதர், குறை சொல்ல எதுவுமில்லை. ஆனாலும் நான் செய்த வேலைக்கு அடியில் இன்னொருவர் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிளானில் நானே கையெழுத்துப் போடுகிற மாதிரி சொந்தமாக லைசன்ஸ் எடுத்தே தீருவது என்று ஒரு நாள் முடிவு செய்தேன்.

படிப்புச் சான்றிதழ் கையில் இருந்தது. அனுபவச் சான்றிதழை இன்ஜினியர் மனம் கோணாமல் எழுதிக் கொடுத்தார். பதிவு செய்ய ஆபீஸ் முகவரி வேண்டும், அந்தக் கட்டிடத்துக்கு வரி கட்டிய ரசீதும் வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மேசையைப் போட்டால் ஆபீஸ் ஆயிற்று என்று நினைத்து மாமனாரிடம் ரசீதைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். அது ஊருக்குள் பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டின் ரசீது.

நாங்கள் குடியிருப்பது தோட்டத்துச் சாளையில். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வீடு என்றால் ஊருக்குள் இருப்பது. சாளை என்றால் காவலுக்கும் மாட்டுக்குமாகத் தோட்டத்தில் போட்டுக்கொள்ளும் கொட்டகை. மாமனார் அப்படி வந்து தங்கியவர்தான். ஓலையை ஓடாக்கினார், ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட்டில் தார்சு போட்டார், அறைக்கு அறை சேர்த்தார், டைல்ஸ்கூடப் பதித்துவிட்டார். ஊர் வீட்டில் இப்போது வௌவால்தான் குடியிருக்கிறது. இருந்தாலும் அது வீடு, இது சாளை. அதற்கு வருடம் தவறாமல் வரி கட்டியவர், இதற்கு வீட்டு நம்பர் கேட்டுப் பஞ்சாயத்தில் மூச்சுவிட்டதில்லை. ஏமாற்றும் எண்ணமெல்லாம் கிடையாது. சாளைக்கு வரி உண்டு என்பது அவர் புத்தியிலேயே ஏறவில்லை, அவ்வளவுதான்.

என் புத்தி மட்டும் என்ன வாழ்ந்தது? ஊரான் வீட்டையெல்லாம் அளந்தவளுக்குத் தான் படுத்தெழும் வீட்டை அளக்கத் தோன்றவில்லை. சாளை என்ற பேச்சில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. என் அம்மா யாரிடமாவது என்னைப் பற்றிச் சொல்லும்போது, "சாளைக்குக் கட்டிக் குடுத்திருக்கறமுங்க" என்று குரலைத் தாழ்த்திக்கொள்வாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

என் வீட்டுக்காரர் சுலபமாக ஒரு வழி சொன்னார்.

"ஊர் ஊட்டு ரசீதையே வெச்சு அனுப்பிச்சுரு. ஆரு வந்து பாக்கப் போறாங்க?"

"ஊராருக்கெல்லாம் வரி சரியா எழுதித் தாறேன்னு போர்டு மாட்டறவ, குடியிருக்கற ஊட்டையே மறைச்சு வெச்சுட்டு மாட்டட்டுமா?" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது. கட்டுத்தறியில் மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்த மாமனார் எட்டிப் பார்த்தார்.

"சாளைக்கு எதுக்கு அம்மிணி நம்பரு? அதுதான் இன்னும் கட்டியே முடியலியே."

"டைல்ஸே போட்டாச்சுங்க மாமா. இன்னும் என்னங்க முடியோணும்?"

"பால் காய்ச்சலியே!"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. புதுமனை புகாத கட்டிடம் அவர் கணக்கில் வீடே இல்லை. எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, "அப்பக் காய்ச்சிப்போடலாங்க" என்றேன். அவர் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார்.

நான் விடவில்லை. காலையில் காப்பி கொடுக்கும்போதும் அதே பேச்சு, மத்தியானம் சோறு போடும்போதும் அதே பேச்சு. ஒரு நாள் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தவர், "இதைய ஊடுன்னு சொல்லிப்போட்டா, அப்பறம் ஊருக்குள்ள இருக்கறதை என்னன்னு சொல்றது அம்மிணி?" என்று கேட்டார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் லைசன்ஸை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. மறுநாளும் காப்பியோடு போய் நின்றேன். அவரே, "ஆவணி பொறக்கட்டும்" என்றார்.

ஆவணியில் பால் காய்ச்சினோம். மாமனாரின் தங்கை வாசலிலேயே நின்று, "ஏனுங்ணா, பேரன் பள்ளிக்கோடம் போறான், உங்களுக்கு இப்பத்தான் குடி போகத் தோணுச்சா?" என்று கேலி செய்தார். பால் பொங்கியபோது மட்டும் மாமனார் யாரையும் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் பஞ்சாயத்திலிருந்து கிளார்க் வந்தார். அளவுகளையெல்லாம் நான் முன்பே எடுத்துப் பாரத்தில் எழுதியிருந்தேன். கட்டி முடித்த வருடத்தை மட்டும் எழுதவில்லை. நான் வந்தபோதே எல்லா அறைகளும் இருந்தன. எது எப்போது வந்ததென்று எனக்குத் தெரியாது. வரி எந்த வருடத்திலிருந்து என்பதை முடிவு செய்வதே பாரத்தில் அந்த ஒரு இடந்தான்.

"பணி தீர்ந்த வர்ஷம் ஏதா?" என்றார் கிளார்க்.

வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "இப்பத்தானுங்க. போன வாரந்தான் பால் காய்ச்சினோம்."

கிளார்க் பேனாவைத் திறந்தார். மாமனாரின் கணக்குப்படி அது பொய்கூட இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் ரசீது வந்துவிடும், பின்னாலேயே லைசன்ஸும் வந்துவிடும். ஆனால் என் பெயரில் தொடங்கும் வேலை, என் வீட்டிலேயே இப்படியா தொடங்க வேண்டும்?

"இல்லீங்க சார். பால் காய்ச்சினதுதான் போன வாரம், ஊடு எப்பவோ முடிஞ்சுது. மாமா, நீங்களே சொல்லிருங்க. பொய் எழுதித்தான் லைசன்ஸ் வாங்கோணும்னா எனக்கு அது வேண்டாமுங்க."

மாமனார் நாங்கள் படுக்கும் தெற்கு அறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ற மருமக வந்த வருசமுங்க" என்றார் கிளார்க்கிடம். "அவ வாரான்னுதான் அந்தத் தெக்கால ரூமைக் கட்டினேன். அதுக்கப்பறம் ஒரு செங்கல் வெக்கலீங்க. அத்தோட ஊடு முடிஞ்சுது."

பழைய பாக்கியும் சேர்ந்து வரும் என்று கிளார்க் எச்சரித்தார். "கட்டிப்போடலாங்க" என்று மாமனார் எழுந்து மாட்டைப் பார்க்கப் போனார். பாரத்தில் காலியாக விட்டிருந்த இடத்தில் என் கல்யாண வருடத்தை நானே எழுதினேன். கண்ணீர் மறைத்ததில் எழுத்து கோணிவிட்டது.

லைசன்ஸ் வந்த அன்று அம்மாவுக்குப் போன் செய்தேன். லைசன்ஸ் விஷயத்தை அப்புறந்தான் சொன்னேன். "என்னைய நீங்க ஊட்டுக்குத்தாம்மா கட்டிக் குடுத்திருக்கீங்க" என்பதை முதலில் சொன்னேன்.