அக்காவின் இனிஷியல்

ஆரணியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நோயாளிகளின் விவரத்தைப் பதிந்துவைக்கும் புரோகிராமை எழுதியவன் நான்தான். அது மக்கர் செய்தால் திட்டு வாங்குபவனும் நான்தான். அக்காவுக்குத் தொண்டைப்புண் என்று அங்கேதான் பென்சிலின் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டு, அவள் பிழைத்ததே பெரும்பாடு. இனி அந்த மருந்தை அவளுக்குப் போடவே கூடாது என்றார் டாக்டர். அவள் பேருக்கு நேரே சிவப்பு எழுத்தில் அதை நானே அடித்துவைத்தேன். தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

பிறகு அவளைப் போளூரில் கட்டிக்கொடுத்தோம். வழக்கம்போல அப்பாவின் இனிஷியல் போய் மாமாவின் இனிஷியல் வந்தது. ரேஷன் கார்டில் மாறியது, பேங்க்கில் மாறியது. எங்கள் பக்கம் பெண்களுக்கு அது புதுப்புடவை கட்டுவதுபோல நடந்துவிடுகிற காரியம். யாரும் இரண்டாம் முறை யோசிப்பதில்லை.

போளூரில் ஒருநாள் காய்ச்சல் முற்றி, நினைவில்லாமல் கிடந்தாள். ஏதோ ஒரு ஊசி அவளுக்கு ஒத்துக்காது என்பது மட்டும்தான் மாமியாருக்குத் தெரியும். "ஆரணியிலதாங்க காட்டிகினு இருந்தா, அங்க ஜல்தியா கேளுங்க" என்று சொல்லியிருக்கிறார். போளூர் ஆஸ்பத்திரிக்காரர்களும் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்கள். அன்று எனக்கு லீவு. ரிசப்ஷனில் இருந்த பெண் புது இனிஷியலைப் போட்டுத் தேடிவிட்டு, "அந்தப் பேர்ல இங்க யாருமே இல்லீங்க" என்றாள். பொய் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை. அதே ஊசியைப் போட்டார்கள். அக்கா இந்தமுறை தேறிவருவதற்குள் எங்கள் அம்மா பாதியாகிப்போனாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடியபோது ஒரு இமெயில் குழு அகப்பட்டது. ஒரு ஊர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் சொல்வது இன்னொரு ஊர் கம்ப்யூட்டருக்குப் புரிய வேண்டும், அதற்கு நாடு முழுக்க ஒரே முறை வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். புனேக்காரர் ஒருவர், கொச்சிக்காரர் ஒருவர், கவுகாத்தியிலிருந்து ஒரு டாக்டரம்மா. அவரவர் ஊரில் ஆதரவு திரட்டுங்கள் என்றார்கள். நானும் ஆரணி, போளூர், செய்யாறு என்று பஸ் ஏறி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தேன்.

"ஏம்பா, என் பேஷன்ட் வெவரத்த எதிர்ல கட தொறந்து வெச்சிகினு இருக்கறவனுக்கு நான் ஏன் தரணும்?" என்றார் ஒரு டாக்டர். இன்னொருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிரிண்டர் என்ன விலைக்குத் தருவாய் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் சென்னையில் ஒரு ஓட்டலில் குழு கூடியது. பொது முறைக்கான வரைவை எடுத்தார்கள். முதல் விஷயமே நோயாளியின் பேர்தான். பேருக்கு ஒரு கட்டம், குடும்பப் பேருக்கு ஒரு கட்டம், இரண்டும் கட்டாயம். நான் எழுந்து, எங்கள் ஊரில் குடும்பப் பேரே கிடையாது, இனிஷியல்தான், கல்யாணமானால் அதுவும் மாறிவிடும் என்று தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் சொன்னேன். தலைமை தாங்கிய டெல்லிக்காரர் மிகவும் மரியாதையானவர். இனிஷியலையே குடும்பப் பேராகப் போட்டுக்கொள்ளுங்கள், மாறினால் புதுப் பதிவு திறந்துகொள்ளலாம் என்றார். எதைத் தடுக்க வந்தேனோ அதையே சட்டமாக்கிக் கையில் கொடுத்தார். கைகள் உயர்ந்தன. பக்கத்தில் இருந்த சென்னைக்காரரும் தூக்கினார்.

"எவ்ளோ பெரிய வேல நடந்துகினு இருக்குது, நீங்க இனிஷியல்ல வந்து நிக்கிறீங்களே" என்றார் அவர்.

அந்த வரைவு டெல்லியில் எந்த மேசையில் படுத்ததோ தெரியாது. குழுவில் மெயில் குறைந்து குறைந்து, தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் வாழ்த்து மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது. அக்காவிடம் வெளிப்படையாகவே சொன்னேன், நம் காலத்தில் இது நடக்காது என்று. அவள் அதிர்ச்சி அடையவில்லை.

"உடுறா. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அந்த ஆடியில் படவேட்டுக் கோயிலுக்குப் போய்விட்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் வளையலை மேலே தள்ளி இடது கையின் உள்பக்கத்தைக் காட்டினாள். பச்சை குத்தியிருந்தாள். புருஷன் பேர், பிள்ளை பேர் குத்திக்கொள்வார்களே, அந்த இடத்தில், பெரிய இங்கிலீஷ் எழுத்தில் மருந்தின் பேர். தோல் இன்னும் சிவந்து தடித்திருந்தது. ஸ்பெல்லிங்கூடச் சரியாக இருந்தது.

"இனிஷியல் மாறுனாலும் கை மாறாதில்ல?" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் வெகுநாளாகப் பார்த்ததில்லை.

நான் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முன்னாலும் பின்னாலும் வேறு ஒரு எழுத்துகூட இல்லை.

"கூடாதுன்னு போடலியாக்கா?"

"போடத்தான் சொன்னேன். பேர எழுதி முடிக்கறதுக்குள்ளயே உயிர் போயி உயிர் வந்துச்சி. போதும் நிறுத்துன்னுட்டேன். மருந்து பேரு இருந்தா டாக்டருக்குப் புரியாதா?"

புரியும். நினைவில்லாமல் கிடக்கிறவளின் கையில் அந்தப் பேரைப் பார்க்கும் யாரும், இவளுக்கு வேண்டிய மருந்து இதுதான் என்று புரிந்துகொள்வார்கள்.